பொறுமை இல்லாதது பிள்ளைகளுக்கா, நமக்கா?

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். போகும்போது என் பழைய லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். அதில் நான் இன்றைக்கும் ஆடுகிற மூன்று நான்கு கம்ப்யூட்டர் கேம்கள் இருக்கின்றன. 68 வயதில் வீடியோ கேமா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சுடோகு போடுகிறவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. கிளப்பில் உட்கார்ந்து ரம்மி ஆடுகிறவரைப் பார்த்தும் சிரிப்பதில்லை. என்னை மட்டும் ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' ஆடிக்கொண்டிருந்தேன். உலக வரைபடம் ஒன்று. அதில் 1444-ஆம் வருஷம் நவம்பர் மாதம் ஆட்டம் தொடங்கும். நான் விஜயநகரத்தை எடுத்துக்கொண்டு பாமினி சுல்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். 13 வயதுப் பேரன் பின்னால் வந்து நின்றான். இரண்டு நிமிஷம் பார்த்தான்.

"தாத்தா, இது கேமா, எக்ஸெல் ஷீட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கெல்லாம் இதுக்குப் பொறுமை பத்தாதுடா. உங்களுக்கு அரை நிமிஷ வீடியோதான் லாயக்கு" என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான்.

சமையலறையிலிருந்து என் மகளின் குரல் வந்தது. "அப்பா, இதையேதான் முப்பது வருஷத்துக்கு முன்னாடி எங்கிட்டயும் சொன்னீங்க. அப்ப ரீல்ஸும் கிடையாது, யூடியூபும் கிடையாது."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதில் இல்லை. ஊருக்குத் திரும்பி இரண்டு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதன் விளைவு இந்தக் கட்டுரை.

வியூக விளையாட்டுகள், அதாவது நாட்டை ஆள்வது, நகரம் கட்டுவது, படை நடத்துவது போன்ற கேம்கள், அதிலும் பழையவை, சிக்கலானவை, இவற்றுக்குப் புதிய ஆட்கள் வருவதில்லை என்று என்னைப் போன்ற பழைய ஆட்கள் ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருக்கிறோம். காரணம் கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. கவனம் இல்லை. எல்லாம் உடனே நடக்க வேண்டும். யோசிக்க மாட்டார்கள்.

இது பொய். நமக்கு வசதியான பொய். அதனால்தான் இவ்வளவு நாள் நிலைத்திருக்கிறது.

எப்படிப் பொய் என்று சொல்கிறேன். அதற்கு முன் நான் எப்படி இந்த வம்பில் மாட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

1994. மதுரையில் எங்கள் பாங்கில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்திருந்த நேரம். பேரேட்டில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்த எங்களில் நாலைந்து பேரைப் பிடித்துக் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதில் நானும் ஒருவன். திரும்பி வந்ததும் எங்களுக்கென்று ஒரு ஏ.சி. அறை, அதில் ஒரு 486 கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயில் மாதிரி.

என்னோடு பயிற்சிக்கு வந்த நண்பர் ஒருவரின் மைத்துனர் சிங்கப்பூரில் இருந்தார். அவர் மூலம் சில ஃப்ளாப்பிகள் வந்தன. கேமின் பெயர் 'சிவிலைசேஷன்'. சிட் மையர், புரூஸ் ஷெல்லி என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1991-இல் வெளியானது. கி.மு. 4000-இல் கையில் ஒரே ஒரு குடியேற்றக் கூட்டத்தோடு ஆரம்பிக்க வேண்டும். ஊர் கட்டி, சாலை போட்டு, எழுத்தும் சக்கரமும் கண்டுபிடித்து, கடைசியில் ஒன்று உலகத்தைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறொரு நட்சத்திரத்துக்கு விண்கலம் அனுப்ப வேண்டும். இந்தியாவுக்குத் தலைவர் காந்தி. அவர் சில சமயம் நம் மேலேயே படையெடுப்பார் என்பது தனிக் கதை.

எங்களுக்கு வந்தது திருட்டுப் பிரதிதான். ஒப்புக்கொள்கிறேன். கேமை உருவாக்கியவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. ஆட்டத்தின் நடுவில் திடீரென்று ஒரு கேள்வி வரும். ஒரு கண்டுபிடிப்பின் படத்தைக் காட்டி, இதைக் கண்டுபிடிக்க முன்னால் எவை தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கும். பதில் கேமோடு பெட்டியில் வரும் புத்தகத்தில் இருக்கும். தப்பாகச் சொன்னால் தண்டனை உண்டு. அதனால் நண்பரின் மைத்துனர் அந்தப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருந்தார்.

அந்த ஜெராக்ஸ் கட்டு பல மாதங்கள் என் மேஜை டிராயரில் இருந்தது. அதை நான் முழுவதும் படித்ததே இல்லை. ஆனாலும் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். எப்படி? சனிக்கிழமை அரைநாள். கணக்கை முடித்துவிட்டு மூன்று பேர் அந்த ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கையில் கீபோர்டு. மற்ற இருவர் வாயில் யோசனை.

"அங்க ஆறு ஓடுது, அங்கயே ஊரை வைங்க சார்."

"காவலுக்கு ஆளில்லாம ஊரை விட்டா எப்படி? கொள்ளைக்காரன் வருவான் பாருங்க."

வந்தான். ஊர் போனது. அன்றைக்குக் கற்றுக்கொண்டதை இன்றுவரை மறக்கவில்லை. புத்தகத்தில் அதே விஷயம் ஒரு வரியாக இருந்திருக்கும். படித்திருந்தால் மறந்திருப்பேன்.

இந்த நாட்டில் சிக்கலான ஆட்டம் எதையும் யாரும் புத்தகம் படித்துக் கற்றுக்கொண்டதில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் முன்னூற்றி நாலு ஆடுவார்கள். சீட்டில் ஜாக்கி பெரியது, அடுத்து ஒன்பது, அதற்கப்புறம்தான் ஏஸ். கேள்வி கேட்பது, துருப்பை மறைத்து வைப்பது, கூட்டாளியின் முகத்தைப் பார்க்காமலே அவர் கையை ஊகிப்பது என்று ஆயிரம் நுணுக்கம். அப்பா முதுகுக்குப் பின்னால் நின்று நின்றுதான் நான் அதைக் கற்றேன். ஒரு நாள் நாலாவது ஆள் வரவில்லை. "உக்காருடா" என்றார்கள். உட்கார்ந்தேன். தோற்றேன். திட்டு வாங்கினேன். மறுநாளும் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் பாடத்திட்டம்.

இப்போது பிள்ளைகளிடம் வருவோம். பொறுமை இல்லையாம்.

என் பேரன் 'மைன்கிராஃப்ட்' ஆடுகிறான். முழு வடிவில் 2011-இல் வெளியான கேம். அதில் மரத்தை வெட்டிப் பலகையாக்கி, பலகையைக் குச்சியாக்கி, குச்சியும் கல்லும் சேர்த்துக் கோடாலியாக்கி என்று நூற்றுக்கணக்கான செய்முறைகள். இதில் வேடிக்கை என்னவென்றால், எதை எதோடு சேர்த்தால் எது வரும் என்று கேமுக்குள்ளேயே சொல்லும் செய்முறைப் புத்தகம் கம்ப்யூட்டர் பதிப்பில் 2017-இல்தான் வந்தது. அதுவரை சொல்லிக்கொடுக்க கேமுக்குள் எதுவுமே கிடையாது. அப்படியும் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான குழந்தைகள் அதைக் கற்றார்கள். பள்ளிக்கூட வேனில் ஒருவனுக்கு ஒருவன் சொல்லிக்கொடுத்தான். யூடியூபில் எவனோ ஒருவன் ஆடுவதை மணிக்கணக்காகப் பார்த்தார்கள். நாம் "வெட்டியா வீடியோ பாக்குறான்" என்று திட்டினோமே, அது வெட்டி இல்லை. அது திண்ணை. முதுகுக்குப் பின்னால் நிற்பதுதான்.

என் பேரன் அந்த உலகத்துக்குள் ரெட்ஸ்டோன் என்ற பொருளை வைத்து, தானாகவே கதவு திறக்கிற, தானாகவே பயிர் அறுவடை ஆகிற ஒரு ஏற்பாட்டைக் கட்டிவைத்திருக்கிறான். இரண்டு மாதம் ஆனதாம். அரை மணி நேரம் எனக்கு விளக்கினான். பாதியில் எனக்குக் கவனம் சிதறிவிட்டது. பொறுமை யாருக்கு இல்லை?

ஆகவே சிக்கல் பிரச்சினை இல்லை. நேரமும் பிரச்சினை இல்லை. பிறகு எதுதான் பிரச்சினை? என் கணக்கில் நான்கு குற்றவாளிகள்.

முதல் குற்றவாளி: காணாமல் போன புத்தகம். பழைய கேம்கள் பெரிய அட்டைப் பெட்டியில் வந்தன. உள்ளே கனமான புத்தகம் இருக்கும். உருவாக்கியவர்கள் பாதி ஆட்டத்தை டிஸ்கில் வைத்தார்கள், மீதியைக் காகிதத்தில் வைத்தார்கள். அந்தக் கால கம்ப்யூட்டரில் இடம் இல்லை. இன்றைக்கு அதே கேமை இன்டர்நெட் கடையில் வாங்கினால் டிஸ்க் பாதி மட்டும் இறங்குகிறது. புத்தகப் பாதி எங்கோ ஒரு மூலையில் பி.டி.எஃப். ஆகக் கிடக்கும். அது இருப்பதே பலருக்குத் தெரியாது. புதிதாக வருகிறவன் திரையைப் பார்த்து விழிக்கிறான். அவன் முட்டாள் என்று நாம் முடிவு கட்டுகிறோம். பாதி கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுப் பையன் பெயில் என்பது போல.

இரண்டாவது: திரை. முதல் 'சிவிலைசேஷன்' 320-க்கு 200 புள்ளிகள் கொண்ட திரைக்காகச் செய்தது. எது எங்கே இருக்கிறது என்று எங்களுக்கு மனப்பாடம். எந்தச் சாவியை அழுத்தினால் சாலை போடும், எதை அழுத்தினால் வாய்க்கால் வெட்டும் என்று விரலுக்கே தெரியும். புதியவனுக்கு? அவனுக்குத் தேவையான செய்தி நாலாவது ஜன்னலுக்குள் மூன்றாவது பட்டனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அவன் தோற்பான். ஏன் தோற்றான் என்றுகூட அவனுக்குத் தெரியாது. தோற்பது யாருக்கும் பெரிதில்லை. காரணம் தெரியாமல் தோற்பதைத்தான் எந்த வயதிலும் மனிதன் சகிக்க மாட்டான். நானும் சகிக்க மாட்டேன்.

மூன்றாவது: கடைக்காரர்கள். நான் ஆடும் 'யூரோப்பா' நாலாம் பாகம் 2013-இல் வந்தது. ஸ்டாக்ஹோமில் இருக்கும் பாரடாக்ஸ் நிறுவனத்தார் செய்தது. அதற்கப்புறம் 2024 வரை விரிவாக்கம், விரிவாக்கம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொன்றும் தனி விலை. ஒவ்வொன்றிலும் ஒரு புது பட்டன், ஒரு புது விதி. ஆரம்பத்திலிருந்து கூடவே இருந்த எனக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு வந்தது, பழகிக்கொண்டேன். ஆனால் இன்றைக்குக் கடைக்குள் நுழைகிற பையனுக்கு பதினோரு வருஷமும் ஒரே நாளில் தலையில் விழுகிறது. எது அவசியம், எது அலங்காரம் என்று சொல்ல ஆள் இல்லை. எல்லாவற்றையும் வாங்கினால் மாப்பிள்ளை வாட்ச் வாங்குகிற காசாகிவிடும். 2021-இல் மாதச் சந்தாவுக்குத் தருகிறோம் என்றார்கள். வாடகைக்கு விட்டாலும் வீடு அதே வீடுதான்.

கூட்டுக் குடும்பத்து வீடுகளில் பார்த்திருப்பீர்கள். மூத்தவனுக்குக் கல்யாணம் என்று மாடியில் ஒரு அறை. அடுத்தவனுக்கு என்று பின்கட்டில் ஒரு அறை. நடுவில் ஒரு தகரக் கொட்டகை. பிறந்து வளர்ந்தவனுக்கு இருட்டிலும் வழி தெரியும். வந்த மருமகள் கழிவறைக்கு வழி கேட்டு நாலு பேரிடம் அலைவாள். அந்த மருமகளைப் பார்த்து "சாமர்த்தியம் பத்தாது" என்று சொன்ன மாமியார்கள்தான் நாம்.

ஆம். நாலாவது குற்றவாளி நாம்தான். முதல் மூன்றையும் சேர்த்து வைத்தாலும் இந்த நாலாவதுக்கு ஈடாகாது.

'யூரோப்பா' ஆடுகிறவர்களிடையே ஒரு பழைய ஜோக் உண்டு. முதல் 1444 மணி நேரம் பயிற்சிதான், அதற்கப்புறம்தான் ஆட்டம் ஆரம்பம் என்பார்கள். ஆட்டம் ஆரம்பிக்கும் வருஷத்தை வைத்துச் சொல்வது. நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தினம் 4 மணி நேரம் ஆடினால் 361 நாள். கிட்டத்தட்ட ஒரு வருஷம். இதைக் கேட்கிற 13 வயதுப் பையன் என்ன நினைப்பான்? இது ஜோக் இல்லை, வாசலில் மாட்டியிருக்கும் 'அனுமதி இல்லை' போர்டு. அதை மாட்டியது நாம். பெருமையோடு மாட்டினோம்.

யாராவது புதிதாக வந்து ஒரு சந்தேகம் கேட்டால், "அதெல்லாம் முன்னாடியே எழுதிட்டாங்க, தேடிப் படி" என்போம். சேர்ந்து ஆட வந்தால் இன்னும் மோசம். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆடுகிற பழைய ஆட்களுக்கு முதல் நிமிஷத்திலிருந்து எல்லாம் மனப்பாடம். முதல் ஆறு ஆட்கள் ஆட்டுக்கு, அடுத்த சில பேர் விறகுக்கு, அடுத்தவன் காட்டுப்பன்றியை அம்பெய்து சீண்டி, துரத்தவிட்டு ஊர் மண்டபத்துக்கு இழுத்து வர வேண்டும். புதியவனுக்கு அந்தப் பன்றியே எமன். அவன் பன்றியிடம் ஆளைப் பறிகொடுத்துவிட்டுத் திகைத்து நிற்கும்போது நம் குதிரைப்படை அவன் வாசலில் நிற்கும். ஆட்டம் முடிந்தது. "நல்ல ஆட்டம்" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை தட்டிவிட்டுப் போய்விடுவோம். அவன் மறுபடி வருவானா? முன்னூற்றி நாலில் என்னைத் திட்டிய பெரியவர்கள் மறுநாள் "உக்காருடா" என்று கூப்பிட்டார்கள். நாம் கூப்பிடுவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

என் சொந்தக் கணக்கையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். மற்றவர் தப்பை மட்டும் எழுதினால் நியாயமில்லை.

1996-இல் கடன் போட்டு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். மகளுக்கு 11 வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் 'சிவிலைசேஷன்' ஆடும்போது ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்காருவாள். புது ஊர் கட்டினால் நாம் விரும்பிய பெயர் வைக்கலாம். பெயர் வைக்கும் உரிமை அவளுடையது. தல்லாகுளம், சிம்மக்கல், ஆரப்பாளையம் என்று வைப்பாள். ரோமாபுரிக்காரன் வந்து சிம்மக்கல்லைப் பிடித்தபோது அழுதுவிட்டாள்.

ஒரு நாள் கேட்டாள். "அப்பா, இன்னிக்கு ஒரே ஒரு ஊரு நான் கட்டட்டுமா?"

"கெடுத்துடுவம்மா. மூணு வாரமா ஆடிட்டிருக்கேன். உனக்கு இன்னும் பொறுமை பத்தாது, பெரியவளானதும் ஆடலாம்" என்றேன்.

அவள் அதற்கப்புறமும் சில வாரம் ஸ்டூலைப் போட்டாள். பிறகு போடவில்லை. எப்போது நிறுத்தினாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஆட்டத்தின் சேவ் ஃபைல் எந்த ஃப்ளாப்பியோடு எந்தப் பழைய பேப்பர்காரனிடம் போனதோ. அதைக் காப்பாற்றத்தான் அவளைத் தடுத்தேன்.

பெங்களூர் சமையலறையிலிருந்து வந்த குரலுக்கு ஏன் என்னால் பதில் சொல்ல முடியவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, "அப்படியானால் எல்லாவற்றையும் சுலபமாக்கிக் குழந்தை விளையாட்டு ஆக்கிவிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. என்னோடு இ-மெயிலில் இதைப் பற்றிச் சண்டை போடும் நண்பர் ஒருவர் இதைத்தான் கேட்டார். அவர் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் சுலபமாக்குவது வேறு, வாசலைத் திறப்பது வேறு. உதாரணம் சொல்கிறேன்.

'டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' என்று ஒரு கேம். டார்ன் ஆடம்ஸ், ஜாக் ஆடம்ஸ் என்ற இரண்டு சகோதரர்கள் செய்து 2006-இல் இலவசமாக வெளியிட்டது. குள்ள மனிதர்கள் மலைக்குள் கோட்டை கட்டும் ஆட்டம். இதைவிடச் சிக்கலான கேம் ஒன்றை நான் பார்த்ததில்லை. படமே கிடையாது. திரை முழுக்க எழுத்தும் குறிகளும்தான். இதை ஒருக்காலும் பொதுஜனம் ஆடாது என்று பதினாறு வருஷம் எல்லாரும் சொன்னோம். 2022 டிசம்பரில் அதே ஆட்டத்துக்குப் படம் போட்டு, மவுஸால் ஆட வழி செய்து, ஆரம்பப் பாடம் ஒன்றைச் சேர்த்துக் காசுக்கு விற்றார்கள். லட்சக்கணக்கில் விற்றது. ஆட்டத்தின் உள்ளே இருந்த சிக்கலை அவர்கள் வெட்டி எறியவில்லை. படியைக் கட்டினார்கள், மலையை வெட்டவில்லை.

மத்தியகால ராஜ வம்சங்களை வைத்து ஆடும் 'க்ரூசேடர் கிங்ஸ்' இன்னொரு உதாரணம். 2020-இல் வந்த மூன்றாம் பாகத்தில் புரியாத சொல் மேல் மவுஸை வைத்தால் விளக்கம் வரும். அந்த விளக்கத்தில் புரியாத சொல் இருந்தால் அதன் மேல் வைக்கலாம், அதற்கும் விளக்கம் வரும். காணாமல் போன புத்தகத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய பக்கத்தில் திறந்து வைக்கிறார்கள். முதல் பாடத்துக்குப் பெரிய சக்கரவர்த்தியைக் கொடுக்காமல் அயர்லாந்தில் ஒரு குட்டி ராஜாவைக் கையில் கொடுக்கிறார்கள். சின்ன வயலில் உழக் கற்றுக்கொள் என்பது போல.

நிஜமாகவே ஆட்டத்தைச் சுருக்கிய உதாரணமும் உண்டு. மறைக்கவில்லை. 1994-இல் வந்த 'எக்ஸ்-காம்' கேமில் ஒவ்வொரு சிப்பாயும் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கவும் நேரப் புள்ளிகளைக் கணக்குப் பார்க்க வேண்டும். 2012-இல் புதிதாகச் செய்தவர்கள் அதை எடுத்துவிட்டு, ஆளுக்கு இரண்டு செயல் என்று வைத்தார்கள். பழைய ஆட்கள் கொதித்தோம். நானும்தான். இன்று நேர்மையாகச் சொன்னால், அந்தக் கணக்கு போனதில் சின்ன இழப்பு இருக்கிறது. ஆனால் கதவைத் திறந்தால் யார் இருப்பானோ என்ற அந்தப் பயம், பெயர் வைத்து வளர்த்த சிப்பாய் செத்தால் வருகிற அந்த வருத்தம், இரண்டும் அப்படியே இருக்கின்றன. அதற்காகத்தானே ஆடினோம்? கூட்டல் கழித்தலுக்கா ஆடினோம்? அதைத்தான் பாங்கில் நாள் முழுக்கச் செய்தேனே.

எல்லாவற்றிலும் நல்ல சாட்சி 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. 1999-இல் வந்தது. சிவிலைசேஷனில் பங்கிருந்த அதே புரூஸ் ஷெல்லி இந்தத் தொடரிலும் இருந்தார். ஆரம்பத்திலேயே வில்லியம் வாலஸ் என்ற ஸ்காட்லாந்து வீரனின் கதையைப் பாடமாக வைத்திருந்தார்கள். முதல் பாடத்தில் நடக்கவும் சண்டை போடவும் மட்டும். அடுத்ததில் படைக்குச் சோறு போட. அடுத்ததில் ஆள் பயிற்றுவிக்க. ஒரு நேரத்தில் ஒரு விஷயம். 2019-இல் புதுப் பதிப்பு வந்தது. 2022-இல் இந்தியாவுக்கென்று வந்த விரிவாக்கத்தில் திராவிடர் என்று ஓர் இனம், ராஜேந்திர சோழன் கதை ஒன்று, சுருள்வாள் வீரர்கள், திரிசடை என்ற பெயரில் கப்பல். ஆட்களை அழைத்தால் தமிழில் பதில் சொல்கிறார்கள். 26 வயதான கேம் இன்னும் சாகவில்லை. காரணம் அதிர்ஷ்டம் இல்லை. யாரோ பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பெங்களூரிலிருந்து கிளம்ப நாலு நாள் இருந்தபோது பேரனைக் கூப்பிட்டேன். 'யூரோப்பா' வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். இந்த ராஜேந்திர சோழன் கதையைத் திறந்து, லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளிவிட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு நிபந்தனை, எனக்கு நானே போட்டுக்கொண்டது: மவுஸைத் தொடக் கூடாது.

இது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அவன் விறகு வெட்ட ஆள் அனுப்பாமல் கோயில் கட்டினான். யானையை வேல்காரர்கள் நடுவில் கொண்டுபோய் விட்டான். என் கை தானாக எழுந்து எழுந்து போயிற்று. கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் தோற்றான். "ஏன் தாத்தா தோத்தேன்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி வந்தபோதுதான் வாயைத் திறந்தேன். ஒரே ஒரு காரணம் மட்டும் சொன்னேன், மற்ற பதினெட்டையும் விழுங்கிவிட்டேன். மறுநாளும் ஆடினான். அதற்கு மறுநாள் கீழே கிரிக்கெட் ஆடக் கூப்பிட்டார்கள், போய்விட்டான். அவ்வளவுதான். அவன் இந்த ஆட்டத்தைத் தொடர்வான் என்று நான் சொல்ல வரவில்லை. தொடராமலும் போகலாம். ஆனால் இந்த முறை அவனை விரட்டியது நான் இல்லை.

எங்கள் ஏ.சி. அறையில் சேர்ந்து ஆடிய மூவரில் ஒருவர் 2021-இல் கொரோனாவில் போய்விட்டார். இன்னொருவர் மகனோடு அமெரிக்காவில் இருக்கிறார். கண் சரியில்லை, இப்போது ஆடுவதில்லை. "ஆத்தங்கரையில ஊரை வைங்க சார்" என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. புதிய ஆட்கள் வரவில்லையே என்று புலம்புகிற எல்லாருக்கும் அடியில் இருப்பது இந்தத் தனிமைதான் என்று நினைக்கிறேன். அதை நேராகச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

என் வயதுக்காரர்கள், என்னைவிடச் சின்னவர்களாக இருந்தாலும் பழைய ஆட்டங்களைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்தால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை யாராவது உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று "இது என்ன?" என்றால், விளக்க ஆரம்பிக்காதீர்கள். நாற்காலியை விட்டு எழுந்து, அவரை உட்கார வையுங்கள். உங்கள் மூன்று வார ஆட்டம் கெட்டுப் போகும். போகட்டும். மறுபடி ஆடிக்கொள்ளலாம்.

மகளிடம் போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினேன். சிம்மக்கல் ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு. ரோம்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்" என்றாள். அடுத்த முறை வரும்போது திருப்பி எடுக்கலாம், மவுஸ் உன் கையில் என்றேன்.

"பாக்கலாம்ப்பா, ஆபீஸ் வேலை இருக்கு" என்றாள்.